கடல் பார்த்த காலி மனை

தெய்வசிகாமணிக்கு மைக் தேவையில்லை. தொழிற்சங்கத்தில் இருந்த காலத்தில் அவர் இரண்டாவது சுரங்கத்து வாசலில் பேசினால் முதல் சுரங்கத்து வாசலில் கை தட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டவர்களில் முதல் ஆள் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலை வீணாக்க மனம் வராமல் மனை விற்கும் தொழிலுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு, 'நிலம் நம் உரிமை' என்றார். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார். பத்திரச் செலவு மட்டும் தனி.

அவர் ராமசாமியின் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது கையில் வழவழப்பான ஒரு விளம்பரப் புத்தகம் இருந்தது. அட்டையில் தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரரும் வெள்ளைக்கார அம்மாவும் கடற்கரை மணலில் கைகோத்து நடந்துகொண்டிருந்தார்கள். கடலூர் மாவட்டத்தில் அந்த வயதில் யாரும் அப்படி நடப்பதில்லை. ஆனாலும் ராமசாமி அந்தப் படத்தில் தன்னை வைத்துப் பார்த்தார். வெள்ளைக்கார அம்மாவின் இடத்தில் விருத்தாம்பாளை வைத்துப் பார்க்க முயன்றார். அது கொஞ்சம் சிரமமாக இருந்தது.

ராமசாமி நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபோர்மேன். பொங்கல் முடிந்தால் ரிட்டயர்மென்ட். அதோடு குவார்ட்டர்ஸையும் விட வேண்டும். வேப்பமர நிழல், தடையில்லாத தண்ணீர், ரிப்பேர் என்றால் போன் செய்தால் வரும் ஆள் என்று முப்பது வருஷம் வாழ்ந்தவருக்கு, இதெல்லாம் தன்னுடையது இல்லை என்று இப்போதுதான் உறைக்க ஆரம்பித்திருந்தது.

"ப்ளூ பேர்ல் அவென்யூ" என்றார் தெய்வசிகாமணி. "தாழைத்திட்டுல. டவுனை ஒட்டி, கடலை ஒட்டி. நீங்க காபி குடிச்சிகினே சூரிய உதயம் பாக்கலாம். கிழக்குப் பார்த்த மனைன்னு எவன் வேணா குடுப்பான். நான் கடல் பார்த்த மனை குடுக்கறேன்."

"பணத்துக்கு இன்னும் ஏற்பாடு பண்ணலியே தலைவரே" என்றார் ராமசாமி. பழைய பழக்கம். சங்கம் போனாலும் தலைவர் போகவில்லை.

"பணம் எதுக்கு? தங்கச்சி பேர்ல மாற்றுக் குடியிருப்புல ஒரு மனை சும்மா கெடக்குதுல்ல? அத இந்த மனை போடற பார்ட்டி எடுத்துக்கும். அதுக்கு ஈடா இது. மனைக்கு மனை."

டீ கொண்டுவந்த விருத்தாம்பாள் டம்ளரை அவர் எதிரில் வைத்தாள். "சும்மா கெடக்கலைங்கண்ணே. ஒரு பலா நிக்குது. நான் வெச்சது. சுத்தியும் கம்பி போட்டிருக்கேன். தை பொறந்தா கடக்கால் தோண்டக் கொத்தனார்கிட்ட சொல்லியாச்சு."

"அதான் தங்கச்சி, சும்மா கெடக்குதுன்னு சொன்னேன்" என்றார் தெய்வசிகாமணி. கட்டடம் இல்லாத நிலமெல்லாம் அவர் கணக்கில் சும்மா கிடப்பதுதான்.

அந்த மனைக்கு ஒரு கதை உண்டு. ராமசாமி அதை யாரிடமும் சொல்வதில்லை. விருத்தாம்பாளின் அப்பாவுக்கு முந்திரிக் கொல்லை இருந்தது. சுரங்கம் விரிந்தபோது கொல்லை போயிற்று. ஈடாக மாற்றுக் குடியிருப்பில் ஒரு மனையும் வீட்டுக்கு ஒரு வேலையும் வந்தன. வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. மனை மகள் பேருக்கும் வேலை மருமகனுக்கும் ஆயிற்று. ராமசாமி மட்டும் எப்போது கேட்டாலும், "இன்டர்வியூல நாப்பது பேரு வந்தாங்க, என்னைத்தான் எடுத்தாங்க" என்பார். அந்த நாற்பது பேரை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

தலைவர் போனதும் விருத்தாம்பாள் அந்தப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"இன்னாங்க இது, 'வீக்கெண்ட் ஹோம்'னு போட்டிருக்குது?"

"சனி, ஞாயிறு போய்த் தங்கற வூடு. பெரிய ஆபீசருங்கல்லாம் அப்படித்தான் வாங்கறாங்க."

"வாரத்துல மீதி நாளு?"

ராமசாமி யோசித்தார். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. "எல்லாத்தையும் குதர்க்கமா கேக்கற. ஞாயித்துக்கிழம பஸ் வுடறாரு. சும்மா வந்து பாரு. பாத்துட்டுப் புடிச்சா ஒரு கையெழுத்து."

"புடிக்கலன்னா?"

"சின்னதுரை வாங்கறான்" என்றார் ராமசாமி. அதுதான் அவருடைய முழுக் காரணம். சின்னதுரை பக்கத்து பிளாக்கில் இருப்பவர். அவர் ஃபிரிட்ஜ் வாங்கிய வாரத்தில் ராமசாமி ஃபிரிட்ஜ் வாங்கினார். சின்னதுரை முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டபோதுதான் ராமசாமி கொஞ்சம் தயங்கினார்.

*

ஞாயிற்றுக்கிழமை வந்த பஸ், மற்ற நாட்களில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கான்ட்ராக்ட் பஸ். வாடகை குறைவு என்று தலைவர் பிடித்துவிட்டார். முன்கண்ணாடியில் 'சுரங்கப் பணி' என்ற பலகை அப்படியே இருந்தது. டிரைவர் அதைக் கழற்றவில்லை. திங்கட்கிழமை மறுபடி மாட்ட வேண்டுமே என்ற அலுப்பு. ஏறும்போதே எல்லாருக்கும் வெயிலுக்கென்று ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். நெற்றியில் 'ப்ளூ பேர்ல்' என்று நீல எழுத்து. ராமசாமி அதைச் சற்றுச் சாய்த்துப் போட்டுக்கொண்டார். விருத்தாம்பாள் வாங்கிப் பையில் வைத்தாள். அதே பையில் புளிசாதமும் இருந்தது. ஓசிப் பிரியாணியில் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

வடலூர் தாண்டும் வரை தலைவர் கடல் காற்றின் மருத்துவக் குணங்களைப் பற்றிப் பேசினார். குறிஞ்சிப்பாடி தாண்டியதும் முதுமையில் கணவன் மனைவி உறவைப் பற்றிப் பேசினார். அதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டதால் அந்த விஷயத்தில் ஒருவரும் பயன்பெறவில்லை.

தாழைத்திட்டில் இறங்கியதும் ஒரு வளைவு. அதன் இரு பக்கமும் சிமென்டில் இரண்டு டால்பின். பெயின்ட் இன்னும் காயாததால் ஒன்றின் வயிற்றில் யாரோ கை வைத்த அடையாளம். வளைவுக்குள் நுழைந்தால் வெறும் மணல். வெள்ளைக் கற்கள் நட்டு, நீளக் கழிகளில் சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் கடல், தன் பாட்டுக்கு.

"பாருங்க" என்றார் தலைவர், கையை அகல விரித்து. "ஒரு ஆள் இல்ல, ஒரு குடிசை இல்ல. சுத்தமான காலி நிலம். மணலப் பாருங்க, எப்படி மின்னுது! முத்து மணல்!"

மணல் உண்மையிலேயே மின்னியது. ராமசாமி குனிந்து ஒரு பிடி அள்ளி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு மூக்குக்கு. முகம் ஒரு மாதிரியாகப் போனது. மின்னியது மீன் செதில்.

"வாடை வருதே தலைவரே?"

"கடல் வாடை. அயோடின். ஒடம்புக்கு நல்லது."

சின்னதுரை அதற்குள் குதிகாலால் மணலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்துக்காரன் எந்தத் தரையில் நின்றாலும் அப்படித்தான். சம்பந்தி வீட்டு முற்றத்தில் நின்றாலும் கீழே எத்தனை அடியில் கரி இருக்கும் என்று ஒரு கணம் நினைக்காமல் இருக்க மாட்டான்.

அப்போதுதான் பனைமரங்களுக்குப் பின்னாலிருந்து பெண்கள் வந்தார்கள். நடந்து இல்லை, ஓடி. ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு மீன் கூடை. முன்னால் வந்தவள் கையில் நாய் விரட்டும் கழி. ஆதிலட்சுமி என்று பெயர். கருவாட்டு வியாபாரம். அந்த மணல்தான் அவள் மீன் காயப்போடும் களம். அன்றைக்குக் காலையில் மட்டும் காயப்போட வேண்டாம், ஒரு சின்ன விசேஷம் என்று யாரோ வந்து சொல்லி, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பி ஒதுங்கியிருந்தவள் பனைக்குப் பின்னாலிருந்து பஸ்ஸைப் பார்த்தாள். பலகையைப் படித்தாள். மஞ்சள் தொப்பிகளைப் பார்த்தாள். தூரத்திலிருந்து அவை ஹெல்மெட் மாதிரியேதான் இருந்தன. கொடிகளையும் பார்த்தாள். அவ்வளவுதான்.

"எவன்டா இங்க மைன்ஸ் தோண்ட வந்தவன்?"

தலைவர் திரும்பினார். "மைன்ஸா? ஏம்மா, நாங்க…"

"நெய்வேலிப் பக்கமெல்லாம் நான் கருவாடு விக்கப் போறவதான்யா! ஒரு வருசம் போனா தெரு இருக்கும். மறு வருசம் போனா பள்ளம் இருக்கும். மொத மஞ்சத் தொப்பி வரும். அப்பறம் செவப்புக் கொடி வரும். எனக்குத் தெரியாதா? பூமியெல்லாம் தோண்டிட்டு இப்ப கடலையும் தோண்ட வந்துட்டீங்களா? வண்டிய மறிங்கடி!"

பெண்கள் பஸ்ஸுக்கு முன்னால் கூடைகளை வரிசையாக இறக்கினார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போலத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார்.

இத்தனை வருஷம் கூட்டத்தை மறியலுக்குக் கிளப்பியவர் தலைவர். மறிக்கப்படும் பக்கத்தில் நின்ற அனுபவம் இல்லை. குரல் இருந்தது, என்ன சொல்வதென்று தெரியவில்லை. விருத்தாம்பாளிடம் வந்தார். "தங்கச்சி, நீ ஒரு பொம்பள. பக்குவமா எடுத்துச் சொல்லு. நாம மைன்ஸ் இல்ல, மனை வாங்க வந்தவங்கன்னு."

விருத்தாம்பாள் போனாள்.

"மைன்ஸ் இல்லம்மா" என்றாள். "மனை. பிளாட்டு போட்டு விக்கறாங்க."

ஆதிலட்சுமி கழியை ஊன்றி நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பிளாட்டா? இங்கயா? மழக்காலத்துல தண்ணி அந்தப் பனை வரைக்கும் ஏறுது யக்கா. நாங்க படகயே இங்கதான் இழுத்துப் போடறோம். இதுல வூடு கட்டி எவன் இருப்பான்?"

"சனி, ஞாயிறு மட்டும் இருப்பாங்களாம்."

"தூ! மைன்ஸுகூடப் பரவால்ல. வூட்டுக்கு ஒரு வேலையாவது குடுப்பான். இவனுங்க இன்னா குடுக்கறானுங்க?"

"பிரியாணி" என்றாள் விருத்தாம்பாள்.

இரண்டு பேரும் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது ஆதிலட்சுமிதான்.

"இது காலி நெலம்னு சொல்றாரு அவரு" என்றாள் விருத்தாம்பாள்.

"காலியா? காயப்போட்டதக் கூடையில அள்ளிகினா காலிதான். நீ சோறு தின்னு கழுவி வெச்ச தட்டுகூடக் காலிதான். அதுக்காவ வித்துடுவியா?"

விருத்தாம்பாளுக்கு அப்பாவின் கொல்லை ஞாபகம் வந்தது. பருவம் முடிந்து, கொட்டை பொறுக்கி, சருகு கூட்டி எரித்துச் சுத்தமாகக் கிடந்த ஒரு நாளில்தான் யாரோ வந்து வரப்பில் நின்றுகொண்டு, "எல்லாம் காலியாத்தானே இருக்குது" என்றார்கள். அப்பா அன்றைக்கு வந்தவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார்.

*

இதற்குள் இந்தப் பக்கம் வேறொன்று நடந்துவிட்டது. 'மைன்ஸ்', 'தோண்ட' என்ற இரண்டு வார்த்தைகள் காற்றில் வந்து சின்னதுரையின் காதில் விழுந்திருந்தன. முழு வாக்கியத்துக்கு அவர் காத்திருக்கவில்லை.

"தலைவரே, நெசமா சொல்லுங்க. இதுக்கடியில கரி இருக்குதா?"

தலைவர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர் சின்னதுரையின் கண்ணைப் பார்த்தார். முப்பது வருஷம் நிர்வாகத்தோடு பேசிப் பழகிய மனுஷன். எப்போது பேசக் கூடாது என்று தெரியும். மெதுவாகத் தொப்பியைக் கழற்றி, கடலைப் பார்த்தார்.

"நான் இருக்குன்னும் சொல்லல. இல்லன்னும் சொல்லல."

போதும். தொப்பிகள் எல்லாம் ஒன்றாகக் கூடின.

"அதான் அந்தம்மாவுக்கே தெரிஞ்சிருக்குது! லோக்கல்ல தெரியாம இருக்குமா?"

"அப்ப மனைக்கு ஒரு வேலையா, பட்டாவுக்கு ஒரு வேலையா?"

"எனக்கு ரெண்டு மனை போடுங்க தலைவரே. மருமவன் ஒருத்தன் சும்மா கெடக்கறான்."

"ஒடனே நாலு முருங்கக் கொம்பு நட்டுடணும். ஓலைக் கொட்டாய் ஒண்ணு போடணும். மரத்துக்குத் தனி நஷ்ட ஈடு, கொட்டாய்க்குத் தனி!"

இவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் சுரங்கத்துக்காக ஊரை விட்டு வந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். தட்டுமுட்டுச் சாமானோடு டிராக்டரில் ஏறி, தெரு முனையில் திரும்பிப் பார்த்து அழுதவர்கள். அவர்கள்தான் இப்போது அடுத்த ஊரை இழப்பதற்கு முன்பதிவு செய்ய வரிசையில் நின்றார்கள். சூரிய உதயத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வெள்ளைக்கார ஜோடியை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

ராமசாமி வரிசையிலிருந்து விலகி விருத்தாம்பாளிடம் ஓடிவந்தார். ஒரு கையில் பேனா, ஒரு கையில் ஒப்பந்தக் காகிதம். மூச்சு வாங்கியது.

"இருபத்தேழாம் நம்பர் மனை. கையெழுத்துப் போடு. சீக்கிரம். சின்னதுரை ரெண்டு எடுத்துட்டான்."

"இன்னாத்துக்கு?"

"அடியில கரி இருக்குதாம். நாளைக்கே மைன்ஸ் வந்துட்டா நம்ம பையனுக்கு பர்மனென்ட். மனைக்கு மனை. வேற இன்னா வேணும் உனக்கு?"

"ஏங்க, கரி இருக்குதுன்னு யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் யாருகிட்டக் கேட்டாங்க?"

ராமசாமி பேனாவை அவள் பக்கம் நீட்டினார். தலைவர் அருகே வந்துவிட்டார். பின்னாலேயே தொப்பிகளும். "தங்கச்சி, நாலு பேரு பாக்கறாங்க. சாரோட கௌரவம் இருக்குது. முப்பது வருசம் சர்வீஸ் போட்ட மனுசன். ஒரு கையெழுத்துதானே."

"அண்ணே" என்றாள் விருத்தாம்பாள். குரல் உயரவில்லை. ஆனால் ஆதிலட்சுமியின் கூட்டம்வரை கேட்டது. மைக் தேவைப்படாத குரல் வேறு சிலருக்கும் உண்டு. "அவரு கௌரவம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? எங்கப்பன் முந்திரிக் கொல்லதான் அவரோட பர்மனென்ட். நாப்பது பேரு இன்டர்வியூவுக்கு வரல. எங்கப்பன் ஒருத்தருதான் போனாரு. கைநாட்டு வெச்சிட்டு வந்தாரு. மாப்பிள்ளைக்கு வேல கெடைக்குதேன்னு, கொல்லையக் கேக்க வந்தவருக்கு மோர் குடுத்து அனுப்பினாரு."

சின்னதுரை தொண்டையைச் செருமினார். நாற்பது பேர் கதையை அவர் அதிகம் கேட்டவர்.

"விருத்தாம்பா!" என்றார் ராமசாமி. "எல்லாரு முன்னாடியும் என்னை அவமானப்படுத்தாத."

"ஒரு தடவ கெளம்புன்னாங்க. கெளம்பினோம். கரண்டு வரும், நாடு முன்னேறும்னாங்க. சரின்னோம். அது ஒண்ணும் பொய் இல்ல, லைட்டு எரியத்தான் செய்யுது. ஆனா இப்ப யாரும் என்னைக் கெளம்பச் சொல்லல. நீங்களே மூட்ட கட்டறீங்க. கரியே இல்லாத எடத்துல கரி இருக்குதுன்னு, வரவே வராத மைன்ஸுக்கு என் மனையக் குடுத்து எடம் புடிக்கறீங்க. நான் போட மாட்டேன்."

"அப்ப நீ தனியாவே போய் உன் மனையில இரு!"

இதைச் சொன்ன பிறகு ராமசாமிக்கே கொஞ்சம் திக்கென்றது. முப்பது வருஷத்தில் அவர் சொன்ன எதையும் அவள் உடனே ஏற்றுக்கொண்டதில்லை.

"இருக்கறேன்" என்றாள் விருத்தாம்பாள்.

பையைத் திறந்தாள். மஞ்சள் தொப்பியை எடுத்து அவர் கையிலிருந்த காகிதத்தின் மேல் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆதிலட்சுமியிடம் போனாள்.

"ஒரு கூடை குடு. எப்படிப் பரப்பணும்?"

"மேல மேல விழாம பரப்பு யக்கா. காத்து போவணும்."

இருபத்தேழாம் நம்பர் மனையில் விருத்தாம்பாள் முதல் கூடையைக் கொட்டினாள். நெத்திலி. மற்ற பெண்கள் பஸ்ஸின் முன்னாலிருந்த கூடைகளைத் தூக்கிக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். யாருக்கும் யாரும் இடம் காட்டவில்லை. பதினாறு, இருபது, புத்தகத்தில் மட்டும் இருந்த நீச்சல் குளம், மூத்த குடிமக்கள் பூங்கா, எல்லாவற்றின் மேலும் மீன் விழுந்தது. சிவப்புக் கொடிக் கழிகளை மட்டும் ஆதிலட்சுமி பிடுங்கவில்லை. காக்கா விரட்ட உதவும் என்றாள்.

"இனிமே ஞாயித்துக்கிழம காயப்போடக் கூடாதுன்னு எவன் வந்து சொன்னாலும் பிரியாணிய மொத வாங்கித் தின்னுட்டு அப்பறமா காயப்போடுவோம்" என்று தலைவரைப் பார்த்தே சொன்னாள்.

வெயில் ஏறியது. காற்று கடலிலிருந்து வந்தது. வாங்கியவர்களும் வாங்காதவர்களும் டால்பின் நிழலில் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரியாணி சாப்பிட்டார்கள். அயோடினைப் பற்றித் தலைவர் மறுபடி பேசவில்லை. விருத்தாம்பாள் புளிசாதத்தை ஆதிலட்சுமியோடு பங்கிட்டுக்கொண்டாள். பஸ் ஹாரன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பும்போது டிரைவர் முன்கண்ணாடிப் பலகையைக் கழற்றிச் சீட்டுக்கடியில் வைத்தார். திங்கட்கிழமை மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

*

குறிஞ்சிப்பாடி வழியாக டவுன் பஸ் பிடித்து வந்த விருத்தாம்பாள் குவார்ட்டர்ஸுக்குப் போகவில்லை. மாற்றுக் குடியிருப்பு ஸ்டாப்பிலேயே இறங்கினாள். பலா நின்றது. கம்பி வேலியும் நின்றது. பக்கத்து வீட்டில் ஒரு சுத்தியும் நூல்கண்டும் கேட்டு வாங்கினாள். தை வரைக்கும் காத்திருக்க அவளுக்கு இப்போது பொறுமை இல்லை. மூலையில் ஒரு முளைக்குச்சி அடித்து, நூலைக் கட்டி, எதிர் மூலைக்கு இழுத்தாள். ஒரு ஆள் பிடிக்காமல் நூல் தொய்ந்தது. குனிந்து கல்லை வைத்து அழுத்தினாள். மறுபடி தொய்ந்தது.

தெருவில் மொபெட் சத்தம் கேட்டது. ராமசாமி. வெயில் தாழ்ந்துவிட்டிருந்தும் தலையில் இன்னும் அந்த மஞ்சள் தொப்பி. உள்ளே வராமல் வேலியருகே நின்றார்.

"சின்னதுரை ரெண்டுக்கும் கையெழுத்துப் போட்டுட்டான்" என்றார்.

அவள் நூலின் மேல் இன்னொரு கல்லை வைத்தாள்.

"பஸ்ல வரும்போது எல்லாரும் எங்கிட்ட வந்து நாப்பது பேரு நலமான்னு கேக்கறானுங்க."

அவள் அடுத்த முளைக்குச்சியை எடுத்தாள்.

"சட்டையெல்லாம் நெத்திலி வாடை." வேலிக்கு மேலாக எட்டி நூலைப் பார்த்தார். "இது எந்த ரூமு?"

"கூடம்."

"சின்னதா இருக்குதே."

"நூல் தொய்யுது. அதான் சின்னதாத் தெரியுது. அந்த முனையப் புடிங்க."

ராமசாமி உள்ளே வந்தார். குனிய வசதியில்லை என்று தொப்பியைக் கழற்றிப் பலாக்கிளையில் மாட்டினார். முனையைப் பிடித்து இழுத்தார். நூல் விறைத்தது. ஃபோர்மேன் அல்லவா, ஒரு கண்ணை மூடி நேர் பார்த்தார். கோணல் என்ற சொல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"வாரத்துல அஞ்சு நாளும் இங்கதான் இருக்கப்போறோம்" என்றாள் விருத்தாம்பாள், சுத்தியை ஓங்கியபடி. "நல்லா இழுத்துப் புடிங்க."

"சனி, ஞாயிறு?"

"இங்கதான்" என்று குச்சியின் தலையில் ஒரு போடு போட்டாள்.